லோ பிரஷரும் திடீர்ப் பார்வை இழப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனை அறையில் வேலை செய்கிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் ஆட்கள் எங்களிடம்தான் கேட்பார்கள். அதில் "லோ பிரஷராலதான் கண்ணு தெரியலையாம், நிஜமா?" என்பது ஓயாமல் வரும். சில சமயம் நிஜம்தான். பல சமயம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, காலம் கடந்து வருகிறார்கள். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இப்போதே ஒரு கண் திடீரென்று தெரியாமல் போயிருக்கிறது என்றால் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

1. உக்காந்து எழுந்தா ரெண்டு செகண்டு கண்ணு இருட்டிட்டு வருது. பார்வை போயிடுமா?

போகாது. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். உடம்பு உடனே ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக அடிக்கவைத்துச் சமாளிக்கும். அந்தச் சமாளிப்பு ஓரிரு விநாடி பிந்தினால் இரண்டு கண்ணும் ஒன்றாக இருட்டி, ஒன்றாகத் தெளியும். வெயிலில் வெகுநேரம் நின்றவர்கள், விரதம் இருப்பவர்கள், வயிற்றுப்போக்கு வந்து தேறியவர்கள், ரத்தசோகை உள்ள பெண்கள், வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் இது வரும். ஸ்கூல் பிரேயரில் பிள்ளைகள் சாய்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அடிக்கடி வந்தால் பிபியைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து ஒரே ஒரு தடவை பார்த்தால் இது பிடிபடாது. பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக் குழாயை இறுக்கும் நரம்புகளே சோர்ந்துபோயிருக்கலாம்.

2. மயக்கம் வர்றதுக்கு முன்னாடி கண்ணுதான் ஏன் முதல்ல இருட்டுது?

கண்ணுக்குள்ளேயே ஓர் அழுத்தம் இருக்கிறது. நாங்கள் 'கண் பிரஷர்' என்று அளப்பது அதைத்தான். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். ரத்தம் அந்த எதிர் அழுத்தத்தைத் தாண்டித்தான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். நிற்கும்போது மூளைக்கு அப்படிப்பட்ட தடை மிகக் குறைவு. மோட்டார் பிரஷர் குறைந்தால் மேல்மாடிக் குழாயில் முதலில் தண்ணீர் நிற்பது போல, பிபி இறங்கினால் கண் முதலில் இருட்டுகிறது.

போர் விமானிகளிடம் இது அப்பட்டமாகத் தெரியும். வேகமாக விமானத்தை வளைக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்க, முதலில் நிறங்கள் வெளுக்கும், பக்கப் பார்வை சுருங்கும், பிறகு முழுக்கக் கறுத்துவிடும். அந்த நிலையிலும் காது கேட்கும், நினைவு இருக்கும். இன்னும் இறங்கினால்தான் நினைவு தப்பும்.

3. காலையில எழுந்து பார்த்தா ஒரு கண்ணுல கீழ்ப்பாதி தெரியல. வலியே இல்ல. இது என்ன?

இது முதல் கேள்வியில் சொன்ன இருட்டல் இல்லை. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னால் புறப்படும் இடத்துக்கு ரத்தம் போதாமல் போயிருக்கலாம். சீட்டில் 'என்.ஏ.ஐ.ஓ.என்' என்று எழுதுவார்கள். பேச்சில் 'கண் நரம்பு ஸ்ட்ரோக்' என்பார்கள். 50 வயதுக்கு மேல் பார்வை நரம்பு திடீரென்று கெடுவதற்கு இதுதான் பெரிய காரணம்.

இவர்களைப் பார்வைப் புல மெஷினில் உட்காரவைத்தால் கதை தெரிந்துவிடும். தாடையை ஊன்றி, நடுவில் உள்ள விளக்கையே பார்த்துக்கொண்டு, சுற்றி எங்கே வெளிச்சப் புள்ளி மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். மேலே மின்னும்போது டக் டக்கென்று அழுத்துவார்கள். கீழே மின்னும்போது விரல் அசையாது, "ஏம்மா, மெஷின் நின்னுடுச்சா?" என்று கேட்பார்கள். அச்சாகி வரும் தாளில் கீழ்ப்பாதி கறுப்பாக இருக்கும். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், எதிரே வரும் ஆள் தெரிகிறது, இலையில் இருக்கும் சோறு தெரியவில்லை, படி இறங்கப் பயமாக இருக்கிறது என்பார்கள்.

சிலருக்குப் பார்வை நரம்பு வெளியேறும் துவாரமே பிறவியில் சின்னதாக இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு வீங்கினால், வீங்கவும் இடமில்லாமல் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இதோடு சர்க்கரை, பிபி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை நோய் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து கூடும்.

4. எனக்கு ஹை பிபிதான். வருஷக்கணக்கா மாத்திரை போடறேன். கண் நரம்பு ஸ்ட்ரோக்குக்கு லோ பிரஷர் காரணமா இருக்கலாம்னு எப்படிச் சொல்றீங்க?

பலருக்கு நம்பவே முடியாத இடம் இது. நீங்கள் பிபி பார்ப்பது பகலில், விழித்திருக்கும்போது. தூங்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்கும். சிலருக்கு அதற்கும் மேல் இறங்கும். அதன் மேல் ராத்திரி மாத்திரையும் வேலை செய்தால், பகலில் 140 காட்டுபவருக்குக்கூட விடியற்காலையில் நரம்புக்குப் போதிய ரத்தம் போகாமல் இருக்கலாம். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைசுற்றலும் தெரியாது.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவர் சோகன் சிங் ஹேரே, 1990-களில் 24 மணி நேர பிபி பதிவுகளை வைத்து இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தார். இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேர் தூங்கி எழுந்ததும்தான் பார்வைக் குறையைக் கவனிக்கிறார்கள் என்பது அவருடைய வாதத்துக்கு ஒரு பிடிமானம். எல்லா மருத்துவர்களும் இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நோய் வந்தவரிடம் "ராத்திரி என்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்காத கண் டாக்டர் குறைவு.

கையில் பட்டை கட்டி 24 மணி நேரமும் தானாகப் பிபி எடுக்கும் கருவி இருக்கிறது. ராத்திரி எவ்வளவு இறங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும். தூக்கத்தில் பட்டை இறுக்கும்போது விழிப்பு வரும் என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கொள்ளலாம்.

5. அப்போ ராத்திரி பிபி மாத்திரையை நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையை விட்டதால் பிபி எகிறி, பக்கவாதம் வந்தால் கண்ணோடு கை காலும் போகும். மாத்திரை வேண்டும், எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டியது. பிரிட்டனில் 21 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், மாத்திரையைக் காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத் தடுப்பில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. அதனால் கண் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குக் காலைக்கு மாற்றித் தரப் பல டாக்டர்கள் தயங்குவதில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களும் அட்டையைக் காட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்கலாம். கேட்கும்போது பிபி மாத்திரையை மட்டும் சொன்னால் போதாது. புரோஸ்டேட்டுக்குப் படுக்கும் முன் போடும் டாம்சுலோசின், நெஞ்சுவலி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எல்லாமே பிபியை இறக்கும். பார்வை நரம்பை மெல்ல அரிக்கும் கிளாக்கோமா நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட உடம்பில் கலந்து சிலருக்கு ராத்திரி பிபியைக் குறைக்கும். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

6. பிபி எத்தனைக்குக் கீழ போனா கண்ணுக்கு ஆபத்து?

எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. ஒல்லியான இளம்பெண்ணுக்கு 90/60 வாழ்நாள் முழுக்க இருக்கும், ஒன்றும் ஆகாது. பல வருடமாக 160-இல் பழகிய உடம்புக்கு 110 கூடத் திடீர் இறக்கம்தான். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் இறங்கியது, அந்தச் சமயம் கண் பிரஷர் எவ்வளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

7. ஒரு கண்ணா, ரெண்டு கண்ணான்னு சரியாச் சொல்லத் தெரியல. எப்படிப் பார்க்கிறது?

உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, சுவரில் உள்ள காலண்டரைப் பாருங்கள். பிறகு மற்ற கண். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகத் தெரியும், கண்ணை அழுத்தவும் செய்யும். அடுத்த தடவை இருட்டினால் அந்த நேரத்திலேயே மூடிப் பார்க்க வேண்டும். டாக்டருக்கு இதைவிட உதவும் தகவல் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. "வலது கண் தெரியலை" என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இரண்டு கண்ணிலும் வலது பக்கம் போயிருக்கும். அது மூளையில் உள்ள கோளாறு. மூடிப் பார்க்காதவரை பிடிபடாது.

8. ஒரு கண்ணுல திரை இறங்கின மாதிரி ஆச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு. லோ பிரஷர்னு காபி குடிச்சுட்டுப் படுத்துட்டேன். சரிதானே?

சரியில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதில்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிபி மொத்தமாக இறங்கினால் பொதுவாக இரண்டு கண்ணும்தான் இருட்டும். ஒரு கண் மட்டும் சில நிமிடம் மறைந்து திரும்பினால், கழுத்து ரத்தக் குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ சின்ன ரத்தக் கட்டி ஒன்று கண்ணின் ரத்தக் குழாயில் மாட்டி நகர்ந்திருக்கலாம். அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். பார்வை திரும்பிவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த சில நாட்களில்தான் அதிகம். அன்றைக்கே பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பார்வை திரும்பவே இல்லை என்றால் இன்னும் அவசரம். விழித்திரையின் பிரதான ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். குரங்குகளில் செய்த ஆய்வில் சுமார் நாலு மணி நேர அடைப்புக்குப் பிறகு விழித்திரைச் சேதம் திரும்ப முடியாததாகிவிட்டது. சில மையங்களில் நாலரை மணி நேரத்துக்குள் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்துமா என்று பார்ப்பார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மறுநாள் காலை ஓ.பி.க்குப் போகலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

இன்னொன்று: எழுந்து நிற்கும்போதோ, நல்ல வெளிச்சத்துக்கு வரும்போதோ ஒரே கண் மட்டும் திரும்பத் திரும்ப மங்கினால், அந்தப் பக்கக் கழுத்துக் குழாய் மிகவும் சுருங்கியிருக்கலாம். பிபி கொஞ்சம் இறங்கினாலும் அந்தக் கண் முதலில் பட்டினி கிடக்கும். கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்.

9. பொண்ணுக்கு 22 வயசு. குனிஞ்சு நிமிர்ந்தா செகண்டு நேரம் கண்ணு மறைக்குது. தலைவலியும் இருக்கு. லோ பிரஷர்தானே?

இங்கே அவசரப்பட்டு லோ பிரஷர் முத்திரை குத்தாதீர்கள். தலைக்குள் நீர் அழுத்தம் கூடினாலும் இதே மாதிரி விநாடிக் கணக்கில் பார்வை மறையும். கூடவே தலைவலி, காதுக்குள் நாடி துடிப்பதற்கேற்ற இரைச்சல், சமீபத்தில் உடல் எடை ஏறியது என்றெல்லாம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்வை நரம்பைப் பார்த்தால், வீங்கியிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இதை விட்டுவிட்டு உப்பு கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால் பார்வை நிரந்தரமாகக் குறையலாம்.

10. உப்புத் தண்ணி, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தா சரியாகாதா?

முதல் கேள்வியில் சொன்ன வகைக்கு, உடம்பில் நீர் வற்றியதால் வந்தது என்றால் ஓ.ஆர்.எஸ். நல்லது. ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். முழு நினைவு வரும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 3, 8, 9-ஆம் கேள்விகளில் உள்ளவற்றுக்கு உப்புத் தண்ணியால் ஒரு பயனும் இல்லை. பிபி, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கெடுதல்.

11. அம்மாவுக்கு 72 வயசு. ஒரு கண்ணு போச்சு. கொஞ்ச நாளா தலைவலி, சீப்பு பட்டாலே வலிக்குதுன்னாங்க.

டாக்டரிடம் இதை முதல் வரியாகச் சொல்லுங்கள். மெல்லும்போது தாடை வலிக்கிறதா, காய்ச்சல், எடைக்குறைவு உண்டா என்றும் கேட்டுக்கொண்டு போங்கள். நெற்றிப்பொட்டுப் பக்கத்து ரத்தக் குழாய்கள் அழற்சியால் வீங்கி அடைக்கும் நோய் ஒன்று உண்டு. நம்மவர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் குறைவுதான்; ஆனால் வந்துவிட்டால், சிகிச்சை இல்லாவிட்டால் அடுத்த கண்ணும் சில நாட்களிலேயே போகலாம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார்கள். "ஸ்டீராய்டா? வேண்டாம்" என்று அந்த இடத்தில் மறுக்காதீர்கள்.

12. கண் நரம்பு ஸ்ட்ரோக்னு உறுதியாயிடுச்சு. ஊசி, ஆபரேஷன்னு எதுல பார்வை வரும்?

3-ஆம் கேள்வியில் சொன்ன நோய்க்கு, போன பார்வையைத் திருப்பித் தருவதாக நிரூபணமான சிகிச்சை இதுவரை இல்லை. நரம்பின் உறையைத் திறந்துவிடும் ஆபரேஷனை அமெரிக்காவில் சோதித்து 1995-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களைவிடச் செய்யாதவர்களே மேலாக இருந்தார்கள். செய்யாதவர்களில் சுமார் 43 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் எழுத்துப் பலகையில் மூன்று வரியோ அதற்கு மேலோ தானாகவே முன்னேற்றம் தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

அதனால் "பத்து சிட்டிங்கில் நரம்பை உயிர்ப்பிக்கிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தானாக வரும் முன்னேற்றத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள ஆள் நிறைய.

13. அடுத்த கண்ணுக்கும் வருமா?

மேலே சொன்ன அதே ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஐந்து வருடத்தில் சுமார் 15 சதவீதம் பேருக்கு அடுத்த கண்ணிலும் வந்தது. மீதிப் பேருக்கு வரவில்லை. சர்க்கரை, கொழுப்பு, பகல் பிபி, ராத்திரி பிபி எல்லாவற்றையும் சரிபார்ப்பது இந்த இரண்டாவது கண்ணுக்காகத்தான். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர் என்றால் தூக்கப் பரிசோதனையும் செய்யுங்கள். இதை வீட்டம்மாவிடம் கேட்டால்தான் உண்மை வரும். குறட்டை விடுபவர் ஒப்புக்கொள்வதே இல்லை.

14. வீரியத்துக்கு மாத்திரை போட்டேன். மனைவி எடை குறைய ஊசி போடறாங்க. ரெண்டுக்கும் கண்ணுக்கும் தொடர்புன்னு படிச்சேன்.

சில்டெனாஃபில் வகை மாத்திரைகளின் எச்சரிக்கையில் இந்தப் பார்வை நரம்புப் பாதிப்பை 2005-இல் அமெரிக்காவில் சேர்த்தார்கள். மிக அரிதுதான். ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்தவர் இதைத் தவிர்ப்பது நல்லது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு இதைச் சேர்த்தால் பிபி அபாயமாக விழும். அப்போது கண்ணைவிட உயிர்தான் முதல் கவலை. கடையில் வெட்கப்பட்டுச் சீட்டு இல்லாமல் வாங்குவதால் இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே போகிறார்கள்.

செமாக்ளூடைட் ஊசியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் இதை மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்தது: அதிகபட்சம் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. ஊசி போடும் காலத்தில் திடீரென்று பார்வை குறைந்தால் அடுத்த டோஸ் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

15. டயாலிசிஸ் முடிச்சு வந்தப்புறம் அப்பாவுக்குக் கண்ணு தெரியல. முதுகுத்தண்டு ஆபரேஷன்லயும் இப்படி ஆகும்னாங்களே?

இரண்டிலும் நடக்கலாம். டயாலிசிஸில் நீரை வேகமாக எடுக்கும்போது பிபி விழும்; கூடவே ரத்தசோகையும் இருக்கும். இவர்களுக்கு இரண்டு கண்ணுமே பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. மெஷினில் இருக்கும்போதே கண் மங்கினால் அங்கேயே நர்சிடம் சொல்ல வேண்டும். எடுக்கும் நீரின் அளவையும், டயாலிசிஸ் நாளன்று பிபி மாத்திரை போடும் நேரத்தையும் சிறுநீரக டாக்டர் மாற்றித் தருவார்.

முதுகுத்தண்டு ஆபரேஷனில் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைப்பதால் கண்ணைச் சுற்றி ரத்தம் தேங்கும், கண் பிரஷரும் ஏறும். ரத்த இழப்பும் சேர்ந்தால், கண்ணுக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள நரம்புப் பகுதி அடிபடும். அரிதான விஷயம். நீண்ட ஆபரேஷன் என்றால் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை. பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, வயிற்றுப்புண்ணிலிருந்து ரத்தக் கசிவு ஆகியவற்றுக்குப் பிறகும் இப்படி வரும்; சில நாள் கழித்தும் வரலாம்.

16. கண் டெஸ்ட்ல எல்லாம் நார்மல்ங்கறாங்க. ஆனா அவருக்குத் தெரியலையே! நடிக்கிறாரா?

அப்படி முடிவுகட்டாதீர்கள். இதயம் நின்று மீண்டவர்களுக்கும், பிபி வெகுநேரம் தரைதட்டியவர்களுக்கும் மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் பகுதி பாதிக்கப்படலாம். கண்ணும் நரம்பும் நன்றாக இருக்கும். டார்ச் அடித்தால் பாப்பா சுருங்கும். ஆனால் பார்வை இருக்காது. இன்னும் விசித்திரமாக, சிலர் தனக்குக் கண் தெரிகிறது என்றே சாதிப்பார்கள். கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டுவார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் காரணம் தெரியும். 15-ஆம் கேள்வியில் சொன்ன ஆழமான நரம்புப் பாதிப்பிலும் முதல் சில வாரம் கண்ணின் உள்பக்கம் பார்க்க நார்மலாகவே இருக்கும்.

17. கண் பிரஷர் 14தான். ஆனா கிளாக்கோமாங்கறாங்க. பிபி ரொம்ப இறங்கக் கூடாதுன்னும் சொல்றாங்க.

கண் பிரஷர் நார்மலாக இருந்தே வரும் கிளாக்கோமா உண்டு. 2-ஆம் கேள்வியில் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: எதிர் அழுத்தம் கூடாவிட்டாலும், ராத்திரி ரத்த அழுத்தம் குறைந்தால் நரம்புக்குக் கிடைப்பது குறையும். இது திடீரென்று வராது. வருடக்கணக்கில் ஓரத்திலிருந்து அரிக்கும். திடீரென்று போனது என்று வருபவர்களில் சிலருக்கு, மெல்லப் போனதைத் தற்செயலாக மறு கண்ணை மூடியபோதுதான் கவனித்திருப்பார்கள்.

18. ஒரு கண்ணு பாதி தெரியல. வண்டி ஓட்டலாமா?

பார்வைப் புலச் சோதனைத் தாளை டாக்டரிடம் காட்டி அவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். கீழ்ப்பாதி போனவர்களுக்கு ஸ்பீடு பிரேக்கரும் பள்ளமும் தெரியாது, தூரமும் குழப்பும். வீட்டுப் படிகளின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விளக்கைப் போட்டு, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.